கோணப்பாலத்துப் பூச்சு

பூச்சைத் தட்டிப் பாக்காதீய தம்பி. தட்டினா உதிர்ந்துரும்னு சொல்லல, உங்க கைதான் வலிக்கும். நான் கலந்த கலவைல்லா. இங்கன வந்து உக்காருங்க. தென்காசி பஸ்ஸு வர இன்னும் நேரம் கெடக்கு. அது ஊருக்குள்ள போயித் திரும்பி வரும், அப்ப ஏறிக்கிடுங்க. நானும் அந்த பஸ்ஸுக்குத்தான் உக்காந்திருக்கேன். எம்மக அதுலதான் வருவா. நாப்பது வயசுப் பொம்பளைக்கு அப்பன் வந்து காவல் நிக்கணுமான்னு ஊர்ல கேக்கத்தான் செய்யுதான். கேட்டுட்டுப் போறான். வீட்ல செவுத்தைப் பாத்து உக்காந்திருக்கதுக்கு இங்கன ரோட்டைப் பாத்து உக்காந்திருக்கேன். அவனுக்கென்ன.

என்ன படம் புடிச்சிய? பாலத்து வளைவுக்கு உள்பக்கமா? நல்லாருக்குல்லா. இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் நூலு புடிச்சுப் பாருங்க, ஒரு இடத்துல ஏத்த எறக்கம் இருக்காது. பூச்சு மேல செங்கல் மாதிரி கோடு இழுத்திருக்கேன் பாத்தியளா? மட்டப்பலகை வச்சு இழுத்தது, எல்லாம் நேர்கோடு. நான் கொத்தனாரு. குத்தாலிங்கம்னு பேரு. இப்ப வேலைக்குப் போறதில்ல, முட்டி ரெண்டும் போச்சு.

இது என்ன போன்ல? பழைய படமா? பூசுததுக்கு முன்னால எடுத்ததா? அதை உள்ள வையுங்க தம்பி. ஊர்ல வேற ஆளில்லாம எங்கிட்டப் போயி அதைக் காட்டுதிய.

கோவமெல்லாம் இல்ல. கோவப்படக்கூட இப்ப தெம்பு வேணும்லா. நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது. சொல்லுதேன், பஸ்ஸு வார வரைக்கும் என்ன செய்ய.

இந்தப் பாலத்தைக் கோணப்பாலம்னுதான் சொல்லுவாவ. ரோடு ஒரு போக்குல போவுது, தண்டவாளம் மேல சாஞ்சாப்புல குறுக்க போவுது, நேர்க்குறுக்க இல்ல. அதனால அந்தப் பேருன்னு ரயில்காரன் சொல்லுவான். எங்க ஊர்க்காரன் சொல்லுத காரணம் வேற. இந்த லைன்ல எத்தனையோ செங்கல் பாலம் இருக்கு. எல்லாத்துலயும் செங்கலைத் தரைக்கு மட்டமா, வரி வரியா அடுக்கி ஏத்தி வளைச்சிருக்கும். இதுல மட்டும் அப்படி இல்ல. பாதத்துல இருந்தே வரி சாஞ்சுதான் புறப்படும். சாஞ்சு, கயிறு திரிச்சாப்புல சுத்திக்கிட்டு ஏறி, அந்தப் பக்கம் எங்கனயோ போயி எறங்கும். அந்தச் சாய்வுக்குத் தோதா, கீழ பாதத்துக் கல்லைப் பல்லுப் பல்லா வேற வெட்டி வச்சிருக்கும். நேரா கட்டத் தெரியாதவன் அதுக்கு முட்டுக்குடுக்க எம்புட்டுப் பாடுபட்டிருக்கான் பாருங்க.

கட்டினது யாருங்கிய? எங்க ஆளுதான். வெயிலுகந்தான்னு பேரு, எங்க அப்பாவுக்குப் பாட்டன். வெள்ளைக்காரன் லைன் போடும்போது இந்தப் பாலத்துக்கு அவருதான் தலைமைக் கொத்தன். கட்டி முடிச்சு, கீழ முட்டுக்குடுத்த மரத்தையெல்லாம் எடுத்ததும் ஊரே வந்து அண்ணாந்து பாத்திருக்கு. பாத்தா செங்கல் பூராம் சாஞ்சு கெடக்கு. எவனோ ஒருத்தன் சொல்லிட்டான், கொத்தன் கள்ளு குடிச்சிட்டுக் கட்டியிருக்கான்னு. அவ்வளவுதான். சொன்னவன் செத்து மண்ணாப் போயிட்டான், சொல்லு மட்டும் சாகல. அன்னையிலருந்து எங்க வீட்டுக்குப் பேரு கோணக்கொத்தன் வீடு. தபால்காரன்கூட அப்படிச் சொல்லித்தான் வழி கேட்டுக்கிட்டு வருவான்.

கேட்டியளா, அதுக்குப் பொறவு எங்க வீட்ல ஒருத்தன் கள்ளைத் தொட்டதில்ல. கள்ளை விடுங்க, பழைய சோத்து நீத்தண்ணி கொஞ்சம் புளிச்சுப் போச்சுன்னா எங்க அப்பா குடிக்கமாட்டாரு. பேருக்குப் பயந்தே வாழ்ந்த குடும்பம். எனக்கு ஒரு மட்டம் மலேரியாக் காய்ச்சல் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவ ஆடி ஆடி நடந்து வாரேன். இங்கனதான், இந்தப் பாலத்தடியிலதான் உச்சிமாளி டீக்கடை இருந்துச்சு. உள்ள இருந்து கத்துதான், "ஏ, கொத்தனாரு பாலம் கட்டப் போறாருடே!"ன்னு. கடையில இருந்தவன் பூராம் சிரிக்கான். எனக்கு வந்த குளிர்ல திரும்பி வைய முடியல. செவுரு கட்டப் போனா வீட்டுக்காரன் எங்கையில இருந்து தூக்குக்குண்டை வாங்கித் தானே தொங்கவிட்டுப் பாப்பான். எங்கிட்ட வேலை கத்துக்கிட்ட பயலுக்குக் குடுத்த மரியாதை எனக்குக் கெடையாது.

அதனாலயே இந்தப் பாலத்தடியில நடக்கும்போது நான் தலையைத் தூக்கினதில்ல. சின்னப் புள்ளையில இருந்தே அப்படிப் பழகிட்டு. இவ்வளவு தூரம் குனிஞ்சுக்கிட்டே வந்து, வெளிய வெயிலு பட்டதும்தான் நிமிருவேன். கொத்தனாருதான், ஆனா எங்க பாட்டன் வேலையை ஒரு நாளாவது நின்னு பாத்ததில்ல. பாக்க என்ன இருக்கு அதுல?

நம்மளோட போயிரும்னா விட்டுத் தொலைச்சிருப்பேன். ஒரே மக எனக்கு. சண்முகவடிவுன்னு பேரு, வடிவுன்னு கூப்பிடுவோம். படிச்சு முடிச்சதும் மாப்பிள்ளை பாத்தோம். மொதல்ல கடையநல்லூர்ல இருந்து ஒரு இடம் வந்துச்சு. பாத்துட்டுப் போயி, சாதகம் சேரலன்னுட்டான். பொறவு அம்பாசமுத்திரத்துல இருந்து ஒண்ணு. மாப்பிள்ளை வெளிநாடு போறான், வந்த பொறவு பாப்போம்னான். அதெல்லாம் வெளிய சொல்லுத காரணம் தம்பி. எனக்குத் தெரியாதா? இந்தப் பாலத்தைத் தாண்டாம எங்க ஊருக்குள்ள வர முடியாது. வாரவன் இங்கன டீ குடிக்க எறங்குவான். "யாரு வீட்டுக்கு?"ன்னு உச்சிமாளி கேப்பான். "ஓ, கோணக்கொத்தன் வீட்டுக்கா? அப்ப மேல பாத்துட்டுப் போங்க"ம்பான். அதைப் பாத்துட்டு வாரவன் எம்மகளை என்ன கண்ணு கொண்டு பாப்பான்?

எம்பொண்டாட்டி பேச்சி சொல்லுவா, "அம்பாசமுத்திரத்துக்காரவ வந்த அன்னைக்கு உச்சிமாளி கடையே தொறக்கலயே, அவுக அத்தை செத்துப் போயி எல்லாரும் அங்கதான இருந்தாவ"ன்னு. கடை தொறக்கலன்னா என்ன, பாலம் தொறந்துதான கெடந்துச்சு? பேச்சிக்கு ஒண்ணும் வெளங்காது. நல்ல மனுசி. போயிச் சேந்துட்டா.

மூணாவதா ஒரு இடம் வந்துச்சு. பாளையங்கோட்டைக்காரரு, சங்கரபாண்டியன்னு பேரு. ரயில்வேல பாலங்களைப் பாத்துக்கிடுத வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. பையன் பாலிடெக்னிக்ல வாத்தியாரு, கட்டட வேலை சொல்லிக்குடுக்கானாம். நல்ல இடம். ஆனா தரகரு வந்து சொல்லுதாரு, "அண்ணாச்சி, பாலம் கட்டின கொத்தனாரு வீடுதானான்னு அவரு ரெண்டு மட்டம் கேட்டாரு. வரும்போது மொதல்ல பாலத்தைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம்." பாருங்க, பாளையங்கோட்டை வரைக்கும் போயிருக்கு நாத்தம்.

அன்னைக்கு முடிவு பண்ணினேன்.

அப்ப மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்திட்டான். அந்தா தெரியுதுல்லா கான்கிரீட் பாலம், புது லைனு அதுலதான் போவுது. இது சும்மா கெடந்துச்சு, ஏன்னு கேக்க நாதி இல்ல. கோயில் கொடைத் திருவிழாவுக்காவ ஊரை வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்தாவ. அந்தச் சாக்குல நானும் சாரத்தைக் கட்டிட்டேன். நானும் பேச்சியுந்தான். அவ கலவையைக் குழைச்சுக் குடுத்தா, நான் மேல நின்னேன்.

சும்மா பூசினா பழைய செங்கல்ல சிமெண்டு புடிக்காது தம்பி. மொதல்ல உளியை வச்சு செங்கல் மொகத்தையெல்லாம் கொத்திவிடணும், அப்பந்தான் பூச்சு கடிச்சு நிக்கும். எம்மா, அதுக்குப் பட்ட பாடு! அந்த மனுசன் வச்ச சுண்ணாம்பு உளியைத் திருப்பி அடிக்கி. செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவுல ஒரு தாளு நுழையாது. ஒவ்வொரு செங்கலையும் ஓரத்துல தேச்சு, அந்த எடத்துக்குன்னு செதுக்கி வச்சிருக்கான். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. குடிச்சவன் எதுக்குடா இப்படித் தேய்க்கான்னு ஒரு நிமிசம் தோணத்தான் செஞ்சுது. வேலை தலைக்கு மேல கெடந்துச்சா, விட்டுட்டேன். ஒரு செங்கல் விடாம கொத்திட்டுத்தான் பூசினேன். தோள்பட்டை எல்லாம் வீங்கிப் போச்சு.

வடிவு சோத்துப் போணியை எடுத்துக்கிட்டு வருவா. வந்தவ போகமாட்டா, சாரத்துக்கடியில நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பா. "அப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டுமேப்பா. எம்புட்டு ரயிலு மேல போயிருக்கு, ஒரு செங்கலு நகரலயே"ன்னா. "விழாதது வேற, கோணலு வேறட்டி. யாருக்காவ இந்த வயசுல மேல ஏறி நிக்கேன்னு நெனைக்க?"ன்னு சத்தம் போட்டேன். போணியை எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா. எப்பவும் அவ அப்படித்தான். ஒரு சத்தம் போட்டா அடங்கிருவா, நல்ல புள்ள.

பாளையங்கோட்டைக்காரவ வந்த அன்னைக்கு நான் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு இந்த எடத்துல நின்னேன். பூச்சு காஞ்சு பளபளன்னு நிக்கி. எனக்கே மொதல் தடவையா இந்தப் பாலத்தடியில தலை நிமிந்து நிக்கத் தோணுச்சு. வேன்ல இருந்து சங்கரபாண்டியன் எறங்கினாரு. எறங்கின மனுசன் எனக்கு வணக்கம்கூடச் சொல்லல, அண்ணாந்து பாத்தபடியே நிக்காரு. இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்கு நடந்தாரு. திரும்பி வந்தாரு. செவுத்துல உள்ளங்கையை வச்சுப் பாத்தாரு, நீங்க இப்ப வச்சிய பாருங்க, அதே மாதிரி.

"இது எப்ப பூசினது?"ன்னாரு.

"இப்பந்தான், ஒரு வாரமாவுது. நான்தான் பூசினேன், எங்கையால"ன்னேன்.

"கொத்திவிட்டா பூசினிய?"ன்னு கேட்டாரு.

"கொத்தாம பூசுவமா? ஒரு செங்கலு விடல"ன்னேன்.

அந்தா அந்தக் கல்லுமேல உக்காந்துட்டாரு. தண்ணி வேணும்னாரு. சர்க்கரை வியாதி போலருக்கு, வேன்ல வந்தது மயக்கம் காட்டியிருக்கும்னு நெனச்சேன். அவரு மகன் தண்ணி வாங்கிக் குடுத்து முதுகைத் தடவிவிட்டான்.

வீட்டுக்கு வந்தாவ. பேச்சி வாழைக்கா பஜ்ஜியும் கேசரியும் செஞ்சிருந்தா. வடிவு காப்பி கொண்டாந்து குடுத்தா. பையனும் பொண்ணும் ரெண்டு வார்த்தை பேசட்டும்னு பின்வாசல் பக்கம் விட்டோம். ரொம்ப நேரம் பேசினாவ. வடிவு உள்ள வரும்போது அவ மொகத்துல ஒரு வெளிச்சம் இருந்துச்சு. அப்பனுக்கு அது தெரியாதா? எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. எல்லாம் பூச்சு பண்ணின வேலைன்னு நெனச்சேன்.

சங்கரபாண்டியன் மட்டும் காப்பியை ஆறவிட்டு உக்காந்திருக்காரு. எந்திரிக்கும்போது எங்கையை ரெண்டையும் புடிச்சுக்கிட்டாரு. புடிச்சுக்கிட்டுச் சொல்லுதாரு, "வேலைக்குச் சேந்த புதுசுல இந்தப் பாலத்தைப் பாத்தேன். உங்க பாட்டன் கைக்கு ஒரு கும்பிடு போடணும்னு அன்னையிலருந்து நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்த வீட்ல சம்பந்தம் பண்ணணும்னுதான் தேடி வந்தேன்"னு.

பாத்தியளா நக்கலை! என் வீட்ல உக்காந்து, எம்பொண்டாட்டி போட்ட காப்பியைக் குடிச்சிட்டு, என் வீட்டுப் பொண்ணுக்கு முன்னால, பாட்டன் கைக்குக் கும்பிடாம். உச்சிமாளிகூட எட்ட நின்னுதான் கத்துவான். இவரு கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுதாரு. கண்ணுல தண்ணி வேற வர வச்சுக்கிட்டு. எனக்கு எங்கன இருந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ. "எங்க வீட்டை நக்கல் பண்ணத்தான் பாளையங்கோட்டையில இருந்து வேன் புடிச்சு வந்தியளா? போங்கய்யா வெளிய"ன்னுட்டேன். அவரு என்னவோ சொல்ல வந்தாரு. நான் கேக்கல. அவரு செருப்பை எடுத்து வாசல்ல வச்சேன்.

பொறவு தரகரு வந்தாரு. பையனுக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கு, அவுக அப்பா நீங்க நெனைக்கிற மாதிரி சொல்லல, நேர்ல வந்து பேசணும்ங்காருன்னாரு. கோணக்கொத்தன் வீட்ல பொண்ணு இல்லன்னு போயிச் சொல்லுங்கன்னேன். இன்னொரு மட்டம் வந்தாரு. வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டேன். அன்னைக்கு ராத்திரி சோறு வைக்கும்போது வடிவு மெதுவாச் சொன்னா, "அப்பா, அவுக நக்கல் பண்ணலப்பா." "உனக்கு என்னட்டி தெரியும்? நீ இப்பப் பொறந்தவ. நான் பொறந்ததுல இருந்து கேக்கேன்"னேன். அவ ரசத்தை ஊத்தினா. அதுக்குப் பொறவு அந்தப் பேச்சையே எடுத்ததில்ல.

மாப்பிள்ளை என்ன ஆனாருங்கிய? அவருக்கு வேற இடத்துல முடிஞ்சுது. பிள்ளைகளும் இருக்காம். நமக்கென்ன. இவளுக்கும் எத்தனையோ இடம் வந்துச்சு, எல்லாத்தையும் வேண்டாம்னுட்டா. தென்காசியில ரத்தம் சோதிக்கிற லேப்புல வேலை. காலையில போறா, பொழுது சாய வாரா. பொங்கிப் போடுதா, என் முட்டிக்குத் தைலம் தேச்சுவிடுதா. எம்மேல ஒரு கொறை சொன்னதில்ல. இந்தப் பாலம் தின்ன வாழ்க்கைல்லா அது. நெனச்சாத் தூக்கம் வராது தம்பி.

ஆனா சாய்வு போச்சுல்லா. ஒரு பயலும் இப்ப மேல காட்டிச் சிரிக்க முடியாது.

என்ன? என்ன சொல்லுதிய?

வேணும்னே சாச்சுக் கட்டினதா? யாரு, எங்க பாட்டனா? நீங்களுமா தம்பி? பாத்தா படிச்ச புள்ளை மாதிரி இருக்கிய, நீங்களும் வெளையாடுதிய.

சிரிக்கலயே நீங்க.

சரி, சொல்லுங்க. என்னன்னுதான் கேப்போம். ஆமா, ரோடும் லைனும் சாஞ்சுதான் வெட்டுது, அதை நான்தான மொதல்ல சொன்னேன். அதுக்கும் செங்கலுக்கும் என்ன? மண்ணுல கோடா போடுதிய? இருங்க, கையை எடுங்க, நான் போட்டுப் பாக்கேன். ரோடு இப்படிப் போவுது. லைனு இப்படி. வளைவோட மொகப்பு ரோட்டுக்கு நேர்க்குறுக்க நிக்காது, லைனோட சேந்து சாஞ்சு நிக்கும். அப்ப வரியை மத்த பாலம் மாதிரி தரைக்கு மட்டமா வச்சோம்னா... பாரம் மேல இருந்து எறங்கி இந்த மூலைக்கு வரும். இந்த மூலைச் செங்கலுக்கு முட்டு எங்க இருக்கு? பின்னால ஒண்ணும் இல்லயே. வெறும் வெளி. ரயிலு ஏறினா வெளிய தள்ளிக்கிட்டு விழுந்துரும்.

அப்ப வரியைத் திருப்பணும். மொகப்புக்கு ஏத்தாப்புலத் திருப்பணும். திருப்பினா வரி சாயும். வளைவு வேற இருக்கதுனால சாஞ்சுக்கிட்டே சுத்தும். ஒவ்வொரு செங்கலும் ஒவ்வொரு மாதிரி உக்காரும், அதான் ஓரத்தைத் தேச்சிருக்கான். சாஞ்சு வாரது வழுக்கிராம இருக்கத்தான் கீழ கல்லைப் பல்லுப் பல்லா வெட்டியிருக்கான்.

எய்யா.

இதை நான் கட்டுவேனா தம்பி? ரசமட்டமும் நூலும் குடுத்து, கூட பத்து பேரை விட்டாலும் எனக்கு இது வராது. எந்தச் செங்கல் எங்க உக்காரணும்னு கீழ நிக்கும்போதே அந்த மனுசன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தப் பக்கத்துல எவனுக்கும் தெரியாத வேலையை ஒத்தை ஆளாச் செஞ்சிட்டு, ஊரு சிரிக்கச் சிரிக்கக் கேட்டுக்கிட்டுச் செத்திருக்காரு. நான் அதைக் கொத்தியிருக்கேன்.

பூச்சை எடுத்தா தெரியுமான்னா கேக்கிய? தெரியாது தம்பி. எடுத்தா செங்கலோட மொகமும் சேந்து வரும். அதான் சொன்னேன்ல, ஒண்ணு விடல.

கொஞ்சம் இருங்க. அப்ப அந்த மனுசன்... கும்பிடு போட வந்தேன்னாரே. அது நெசமா? பாளையங்கோட்டையில இருந்து நெசமாவே கும்பிடவா வந்தாரு? மருமகளாக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தாரா? நான் செருப்பை எடுத்து வாசல்ல வச்சேனே.

எம்மகளை நான்தான் உக்கார வச்சிருக்கேன். பாலம் இல்ல. நான்.

பஸ்ஸு சத்தம் கேக்குல்லா? தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், ஒரே ஒரு உதவி. அவ எறங்குவா. அவகிட்ட இந்தச் சாய்வு விசயத்தைச் சொல்லிராதீய. ஊரு பேசினதுல அப்பன் மனசு ஒடஞ்சு போச்சுன்னு நெனச்சுத்தான் இத்தனை வருசமும் எனக்குப் பொங்கிப் போடுதா. இது தெரிஞ்சா நான் எந்த மொகத்தை வச்சுக்கிட்டு அவ கையால வாங்கித் திங்கது? நான் இருக்க வரைக்கும் தெரியாம இருந்துட்டுப் போவட்டும்.

வா தாயி. என்ன, இன்னைக்கு பஸ்ஸுல கூட்டமா? இவுக வெளியூரு. பஸ்ஸு திரும்புததுக்கு நிக்காவ. சும்மா மழை தண்ணியைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். என்ன பாக்க? அதுவா, பழைய படமாம், பாலத்துப் படம். உள்ள வையுங்கன்னு சொன்னேன்ல தம்பி. நமக்கு எதுக்குட்டி அது, வா போவோம்.

ஏட்டி.

எதுக்கு அவுகளைப் பாத்துத் தலையை ஆட்டுத? இல்லன்னு சொல்லாத, நான் பாத்தேன். சொல்லிராதீயன்னுதான ஆட்டுத? யாருகிட்டச் சொல்லக் கூடாதாம்? எங்கிட்டயா?

அன்னைக்குப் பின்வாசல்ல அந்தப் பையன் இந்தச் சாய்வு விசயத்தைச் சொன்னானா? அப்ப இருந்தே தெரியுமா உனக்கு?

தெரிஞ்சுதான் ரசத்தை ஊத்தினியா?

சரி. வேண்டாம். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் தாயி. பையை இங்க குடு, நான் தூக்கிக்கிடுதேன். முட்டி இன்னைக்குத் தேவலை. குடுட்டி.